வடக்கு வாசலில் நான்கு பெயர்கள்

சிதம்பரம் நடராசர் கோயிலின் வடக்குக் கோபுர வாசலில் நுழைகிறவர்களுக்கு வழிகாட்டிகள் தவறாமல் காட்டுவது கிருஷ்ணதேவராயரை. படையெடுத்துச் சென்று வென்று, சிம்மாத்ரி பொட்டுநூரில் வெற்றித்தூண் நட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பொன்னம்பலத்தை வணங்கி இந்தக் கோபுரத்தைக் கட்டினார் என்று கல்வெட்டு பேசுகிறது. ஆண்டு 1516 என்பது வழக்கமான கணக்கு. அவர் சிலையும் அங்கேயே மாடத்தில் இருக்கிறது.

அதே கோபுரத்தில் இன்னும் நான்கு பேருடைய உருவங்கள் உண்டு. பக்கத்தில் பெயரும் உண்டு. விருத்தகிரியைச் சேர்ந்த சேவகப்பெருமாள், அவர் மகன் விசுவமுத்து. திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன், அவர் தம்பி காரணாச்சாரி. கல்லைத் தொட்டு வேலை செய்தவர்கள் இவர்கள். விருத்தகிரி என்பது நம் விருத்தாசலம்தான். பழைய பெயர் முதுகுன்றம். கடலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர் தன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து செய்த வேலை என்று சொன்னால், ராயர் கட்டிய கோபுரம் சட்டென்று பக்கத்து ஊர்க்காரர் கட்டிய கோபுரமாகிவிடுகிறது.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. தச்சன் நாற்காலி செய்தான் என்றால் அவன் இயற்றுதல் கருத்தா. கரிகாலன் கல்லணை கட்டினான் என்றால் அவன் ஏவுதல் கருத்தா. இரண்டு வாக்கியங்களுக்கும் வினைமுற்று ஒரே மாதிரிதான் முடிகிறது. கரிகாலன் மண் சுமக்கவில்லை என்பது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் மொழி அவனுக்கே வினையைக் கொடுத்துவிடுகிறது. நம் வரலாற்றுப் புத்தகங்களின் வாக்கியங்கள் பெரும்பாலும் ஏவுதல் கருத்தாவில் எழுதப்பட்டவை. வடக்குக் கோபுரம் அபூர்வமாக இரண்டு கருத்தாக்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது. ஒருவருக்கு நீண்ட கல்வெட்டு. மற்ற நால்வருக்கும் ஆளுக்கொரு பெயர்ச்சீட்டு.

இந்தப் பெயர்ச்சீட்டுகளை நினைக்கும்போது எனக்கு ஜப்பானிய ஈட்டியின் வால் நினைவுக்கு வரும். எங்கேயோ இருக்கும் பொருளை இங்கே இழுத்துவருவதற்குக் காரணம் உண்டு. தேய்ந்துபோன கைவினைஞர் பெயரைப் படிப்பது எப்படி என்பதை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். நம் கோபுரத்து எழுத்தைப் பார்க்க அந்தக் கலை கொஞ்சம் கண் கொடுக்கிறது.

அவர்கள் ஈட்டியை யாரி என்கிறார்கள். அலகு கூர்மையாக வெளியே நிற்கும். அதன் கீழ்ப்பகுதி மரக்கம்புக்குள் நீளமாக இறங்கும். அந்த வாலுக்கு நகாகோ என்று பெயர். பல ஈட்டிகளில் அலகைவிட வால் நீளம். கொல்லன் தன் பெயரை அலகில் வெட்டுவதில்லை. கம்புக்குள் மறையப்போகும் வாலில்தான் வெட்டுவான். வாங்கியவன் கம்பைக் கழற்றினால் ஒழியப் பெயர் தெரியாது. பல தலைமுறை மரத்துக்குள் இருந்து, ஈரம் ஏறி, வால் முழுதும் கறுத்துத் துருப்பிடித்துவிடும். பூட்டாணிக்கு இட்ட துளை சில சமயம் எழுத்தின் நடுவிலேயே விழுந்திருக்கும். புதுக் கம்புக்கு ஏற்ப வாலைக் குறைத்திருந்தால் கடைசி எழுத்து அறுந்துபோயிருக்கும்.

அப்படி மங்கிய பெயரைப் படிக்க உட்காருகிறவர் முதலில் எழுத்தைப் படிப்பதில்லை. எண்ணுகிறார். எத்தனை எழுத்து, எவ்வளவு இடைவெளி, எங்கே தொடக்கம். பெயர் வெட்டும் முறைக்கு ஒரு வாய்பாடு உண்டு: ஊர் அல்லது குலப்பெயர் முன்னே, தன் பெயர் நடுவில், 'செய்தது' என்று பொருள்படும் ஸாக்கு என்ற எழுத்து முடிவில். கடைசிக் குழப்பத்தில் ஸாக்குவின் ஒரு கோடு தெரிந்தாலே போதும். அதற்கு மேலே இருப்பது பெயர் என்று உறுதியாகிவிடும். மினோ நாட்டின் செக்கி ஊர்க் கொல்லர்களில் பெரும்பாலோர் பெயர் 'கானே' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த எழுத்தின் உச்சியில் இரண்டு கொம்பு. துருவுக்கு அடியில் இரண்டு கொம்பு மட்டும் மிஞ்சியிருந்தாலும் படிப்பவர் கண் செக்கிக்குப் போய்விடும்.

பிறகு உளி. உளி முதலில் இறங்கிய இடம் ஆழம். இழுத்து முடித்த இடம் மெலிவு. மேற்பரப்பு தேய்ந்து கோடு அழிந்தாலும் ஆழமான புள்ளிகள் நின்றுவிடும். அந்தப் புள்ளிகளை எழுத்தின் கோட்டு வரிசைப்படி இணைத்துப் பார்த்தால் எழுத்து எழுந்து வரும். கொல்லனின் கையெழுத்துப் பழக்கமும் அதில் தெரியும். கானேசாதா என்ற ஒரே பெயரில் வந்த கொல்லர்களில் இரண்டாம் தலைமுறைக்காரரையும் மூன்றாம் தலைமுறைக்காரரையும் பிரித்தறிய, 'சாதா' என்ற எழுத்தின் கீழ்ப்பாதியை எப்படி முடித்தார்கள் என்று பார்க்கிறார்கள். முந்தியவர் ஒரு வளைவாக முடிப்பார். பிந்தியவர் வேறு விதம். அந்த ஒரு சுழிப்பில் விலை பல மடங்கு மாறும்.

துருவைச் சுரண்டவே கூடாது என்பது அவர்களுடைய முதல் விதி. அலகை மெருகேற்றுகிறவர் வாலைத் தொடமாட்டார். கறுத்த பழந்துரு வயதைச் சொல்லும் சான்று, செந்துரு புதிது. பளபளவென்று தேய்த்துவிட்டால் எழுத்து ஒருவேளை தெரியலாம். ஆனால் அந்த எழுத்து எப்போது வெட்டியது என்று சொல்ல இனி ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் திருப்பணிகளில் மணலை வேகமாக வீசியடித்துக் கல்லை வெளுப்பாக்கினார்கள். கறை போயிற்று, எழுத்தின் விளிம்பும் போயிற்று. பிறகுதான் தடை வந்தது. துருவுக்கு இருந்த மரியாதை நம் கல்லின் கறைக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

படியெடுக்கும் முறையில் இரு நாட்டாரும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பிகள். நம் கல்வெட்டுத் துறையினர் கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்குவார்கள். மேலே மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளை எழுத்து நிற்கும். மைப்படி என்பது அதுதான். ஜப்பானியர் தாளை நனைப்பதில்லை. இரும்புக்கு ஈரம் ஆகாது. மெல்லிய தாளை வாலின்மேல் போர்த்தி, கட்டி மையால் தேய்த்து எடுப்பார்கள். அதற்கு ஒஷிகட்டா என்று பெயர். கண்ணால் பார்க்கும்போது தெரியாத கோடு தாளில் தெரியும். கண் நிறத்தைப் பார்த்து ஏமாறும். தாளுக்குப் பள்ளமும் மேடும் மட்டும்தான் தெரியும்.

நம் எழுத்துக்கும் தனிச் சிக்கல்கள் உண்டு. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு, ஒகர ஓகார வேறுபாடு கிடையாது. காலும் ரகரமும் ஒரே உருவம். ஆகவே சேவகப்பெருமாள் என்று நாம் படிப்பது, புள்ளியும் ஏகாரக்குறியும் இல்லாத ஒரு வரிசைக்கு நாம் கொடுக்கும் உயிர். இந்தப் பெயரில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. சேவக, கேசவ: இரண்டிலும் அதே மூன்று மெய்கள், இடம் மாறி நிற்பவை. கல் கொஞ்சம் உதிர்ந்து, படிப்பவர் கொஞ்சம் அவசரப்பட்டால் கேசவப்பெருமாள் ஆகிவிட எவ்வளவு நேரம்? பெருமாள் என்று முடியும் பெயருக்குக் கேசவன் பொருந்தத்தானே செய்யும் என்று மனம் உடனே வாதாடும். ஆனால் சேவகன் என்பது சைவத்தில் குதிரைமேல் வந்த சிவனுக்குரிய பெயர். சிங்கம்புணரியில் அய்யனாருக்கே சேவுகப்பெருமாள் என்றுதான் பெயர். விருத்தாசலத்துச் சிற்பிக்கு அது பொருந்தாத பெயர் அல்ல. பழகிய பெயரைப் பார்க்க ஆசைப்படும் கண்தான் படிப்பாளிக்கு முதல் எதிரி. ஈட்டி வாலில் புகழ்பெற்ற கொல்லன் பெயரைப் பார்க்க ஆசைப்படும் கண்ணும் அதே கண்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. ஜப்பானிய மொழியில் கொல்லனின் கையொப்பத்துக்கு மெய் என்று பெயர். நம் காதுக்கு அது உண்மை என்று கேட்கிறது. ஆனால் போலிக் கையொப்பத்துக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிமெய்: பொய்யான மெய்! தமிழன் சிரிக்காமல் என்ன செய்வான். சிரிப்புக்கு அப்பால் விஷயம் கனமானது. புகழ்பெற்ற கொல்லர் பெயரில் பிறர் வெட்டிய கையொப்பங்கள் அங்கே நூற்றாண்டுகளாக உண்டு. ஆகவே பெயரைப் படித்து முடித்தது பாதி வேலைதான். அலகின் வடிவம், இரும்பின் பரல், கூர்விளிம்பின் வெண்கோட்டு அலை, வாலின் அரத்தேய்ப்புச் சாய்வு எல்லாம் அந்தப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஏற்பார்கள். பெயர் இரும்பைச் சான்று சொல்வதில்லை. இரும்புதான் பெயருக்குச் சான்று சொல்கிறது.

ஜப்பானில் மூன்று பேரீட்டிகள் என்று ஒரு வரிசை சொல்வார்கள். தொன்போகிரி, அதாவது தும்பிவெட்டி: முனையில் வந்து உட்கார்ந்த தும்பி இரண்டாகிவிட்டது என்பது கதை. ஹோந்தா தாதாகாட்சு என்ற தளபதியின் ஈட்டி அது. புஜிவாரா மசஜானே செய்தது என்று வாலில் இருக்கிறது. ஒதேகினே என்பது ஷிமாதா ஊர் கிசுகே பெயர் தாங்கியது. 1945இல் டோக்கியோ குண்டுவீச்சில் எரிந்துவிட்டது. மூன்றாவது நிஹோங்கோ, ஃபுகுவோகா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் அதன் மதிப்பு இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

போலி என்பது நமக்கும் புதிதல்ல. ஐரோப்பிய வாளலகுகள் பல தென்னிந்தியப் பிடிகளில் ஏறின. ஆந்திரேயா ஃபெராரா என்ற இத்தாலியக் கொல்லன் பெயரை ஐரோப்பாவில் பலரும் தங்கள் அலகில் பொறித்தார்கள். அந்தப் பெயர் ஆளின் பெயராக இல்லாமல் சரக்கின் பெயராகிவிட்டது. அதைவிடப் பக்கத்து உதாரணம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. சேவகப்பெருமாளின் ஊரான அந்த விருத்தகிரியில், விருத்தகிரீசுவரர் கோயில் மாடத்திலிருந்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று காணாமல் போய், 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. கூடவே பழைய ரசீது போன்ற போலி ஆவணங்கள். 1970களில் எடுத்த புகைப்படம், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பில் இருந்தது, சிலை அப்போது கோயிலில்தான் இருந்தது என்று காட்டிவிட்டது. 2014இல் சிலை நாடு திரும்பியது. தாளில் எழுதிய கிமெய், படத்தில் மாட்டிக்கொண்டது.

சேவகப்பெருமாள் பெயரை யாரும் போலி செய்யவில்லை. செய்யத் தேவையும் இல்லை. அந்தப் பெயருக்குச் சந்தை கிடையாது. ஒரு வகையில் வடக்குக் கோபுரத்து நான்கு பெயர்களும் ஜப்பானிய வாலில் உள்ள எந்தப் பெயரையும்விட நம்பத்தக்கவை. யாருக்கும் லாபம் தராத பெயரை எதற்காக யாரும் பொய்யாக வெட்டப்போகிறார்கள்?

கொல்லன் பெயரைத் தமிழில் தேடினால் ஏமாற்றம் மிஞ்சும். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடமை என்று பொன்முடியார் பாடியிருக்கிறார், புறநானூற்றின் 312ஆம் பாட்டில். ஔவையார் 95ஆம் பாட்டில் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலில் நெய் பூசிக் கிடக்கும் ஆயுதங்களையும், அதியமானின் முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் வேல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அந்தப் பட்டறைக்காரரின் பெயர் பாட்டில் இல்லை. தஞ்சை அரண்மனையின் ஆயுதங்கள் 1860களில் கலைக்கப்பட்டபோது ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. மிச்சத்தில் பெரும்பங்கு உடைத்துப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்களில் ஏதாவது கீறல் இருந்திருந்தாலும் உலைக்குள் போயிருக்கும்.

ஒரு கொல்லன் தப்பினார். மாமல்லபுரத்துக்கு அருகில் பூஞ்சேரியில் நொண்டி வீரப்பன் தோட்டத்துப் பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் உண்டு: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பையமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். சிலை இல்லை, கட்டடம் இல்லை, பெயர் மட்டும். அந்தக் கடைசிப் பெயரில் நின்றுவிடுகிறேன். கருங்கல்லில் வேலை செய்தால் உளி சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்து, கூராக்கித் தண்ணீரில் தோய்த்துக் கொடுக்க உலை பக்கத்திலேயே எரிந்துகொண்டிருக்க வேண்டும். சேமகன் இல்லாவிட்டால் மற்ற ஆறு பேரும் மத்தியானத்துக்குள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது. பாறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் பெயர் இராஜராஜப் பெருந்தச்சன் என்ற பட்டத்தோடு வருகிறது. அரசன் பெயரையே தச்சனுக்குப் பட்டமாகக் கொடுத்தார்கள். அறுநூறு ஆண்டு கழித்து ஜப்பானில் ஷிமோசாகா என்ற கொல்லனுக்கு, அந்நாட்டை ஆண்ட டோக்குகாவா இயேயாசு தன் பெயரிலிருந்து 'யாசு' என்ற எழுத்தைக் கொடுத்தார். அவர் யாசுட்சுகு ஆனார், குலச்சின்னத்தையும் வாலில் வெட்டிக்கொள்ளும் உரிமை பெற்றார். ஆளவந்தாருக்கு எங்கும் ஒரே புத்திதான்: செய்தவன் பெயரை அழிப்பதில்லை, அதற்குள் தன் பெயரை நுழைத்துவிடுகிறார்கள்.

அந்த யாசுட்சுகுவின் கையொப்பத்தில் இன்னொரு சொற்றொடர் வரும்: நன்பான் இரும்பால் செய்தது. நன்பான் என்றால் தெற்கிலிருந்து கப்பலில் வந்த அந்நியர். அந்த இரும்பு எங்கிருந்து போனது என்பதில் ஐரோப்பா, இந்தியா என்று கருத்து பலவிதம். டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரையிலிருந்து இரும்பும் உருக்கும் பத்தாவியா என்ற தன் கிழக்குத் துறைமுகத்துக்கு ஏற்றியது. ஜப்பானியச் செம்பை இந்தக் கரைக்கு இறக்கியது. கடலூரின் தேவனாம்பட்டினத்திலும், சிதம்பரத்துக்குக் கிழக்கே பரங்கிப்பேட்டையிலும் அவர்களுக்குப் பண்டகசாலை இருந்தது. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இவற்றைக் கோத்து, யாசுட்சுகுவின் அலகில் நம் ஊர் உருக்கு இருக்கிறது என்று சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. சொல்லக்கூடாது. அது கேசவப்பெருமாளைப் படிக்கும் கண்.

சிதம்பரத்திலேயே கல்லும் ஏடும் ஒன்றையொன்று காப்பாற்றிய கதை ஒன்று உண்டு. கிழக்குக் கோபுர வாசலில் நாட்டிய கரணச் சிற்பங்களுடன் நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்வெட்டுத் துறை 1914ஆம் ஆண்டு அறிக்கையில் 93 கரணங்களின் வடிவங்களை வெளியிட்டது. சுலோகத்தின் நடுவே எழுத்து உதிர்ந்த இடத்தில் ஏட்டுப்பிரதி கை கொடுத்தது. ஏடு பிழையாக இருந்த இடத்தில் கல் திருத்தியது. வாய்பாடு தெரிந்தால் பாதி அழிந்ததையும் படிக்கலாம் என்பதற்கு ஈட்டி வாலின் ஸாக்குவுக்கு இணையான நம் சான்று அது. பெயருக்கு அப்படி வாய்பாடு கிடையாது. திருமருங்கன் என்ற பெயரில் ஓர் எழுத்து போனால் எந்த ஏட்டைப் புரட்டி நிரப்புவது? நம் சாசனங்களில் சாட்சிகள் 'இவை இன்னார் எழுத்து' என்று முடிப்பார்களே, அந்த வாலாவது இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். இங்கே உறவுமுறைதான் வாய்பாடு: மகன், தம்பி. அப்பன் பெயர் மங்கினால் மகன் பெயர் தாங்கும். தம்பி பெயர் உதிர்ந்தால் அண்ணன் இருக்கிறான்.

வடக்கு வாசல் தெற்கு வடக்காக ஓடுவதால் வெளிச்சம் இரண்டு வாய்களிலிருந்தும் பக்கச் சுவர்களை உரசிக்கொண்டு வருகிறது. நேர்வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் கல், இப்படிச் சாய்ந்து வரும் வெளிச்சத்தில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் கொடுக்கும். மங்கிய எழுத்தைப் படிக்க வேண்டுமானால் ஃபோன் டார்ச்சை எழுத்துக்கு நேரே பிடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். முதலில் தெரிவது எழுத்தல்ல, உளி இறங்கிய புள்ளிகள். பிறகு கொம்பு. பிறகு சகரத்தின் வளைவு. அதற்கு அடுத்த எழுத்து வகரமா ககரமா என்று பார்க்க டார்ச்சை மறுபக்கம் மாற்றிப் பிடிக்க வேண்டும்.